நஸ்ரியாவின் நூற்றிருபது வீதம்

பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பங்களைக் கவனிக்கும் மேசைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் படிவம் நிரப்புவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வுபெறும்வரை கணினியில் ஏற்றி அனுப்பும் வேலையை யாராவது ஒரு விரிவுரையாளரைக் கெஞ்சிப் பிடித்துத்தான் செய்வித்தேன். நான் சொல்ல வந்தது ஒரேயொரு பக்கத்தைப் பற்றி. அந்தப் பக்கத்தில் நான் விட்ட பிழையைப் பற்றி.

எங்கள் வளாகம் வன்னியில் இருந்தது. பெயர் வேண்டாம். எனக்குத் தந்த அறை முன்பு உரப்பைகள் அடுக்கி வைத்திருந்த அறை, நடைபாதையின் கடைசியில். மழை நாட்களில் கதவைத் திறந்தால் உர மணம் முதலில் வெளியே வரும், பிறகுதான் நான் உள்ளே போவேன். ஒரு மேசை, ஒரு அலுமாரி, இரண்டு கதிரை. ஒன்று எனக்கு, மற்றது வருகிறவர்களுக்கு. வருகிறவர்கள் என்று சொன்னாலும், முடிவுத் திகதி நெருங்கும்போது மட்டும்தான் வருவார்கள். அந்த நாட்களில் பேராசிரியர்கள்கூட வாசலில் நின்று “மிஸ், மிஸ்” என்பார்கள். திகதி போன மறுநாள் என்னை வழியில் கண்டால் இவள் எந்தப் பகுதி என்று யோசிப்பார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். வவுனியாவில் ஒரு சின்ன வீடு. அம்மா போனபிறகு நான் தனி ஆள். தம்பி வெளிநாட்டில். காலையில் பஸ் ஏறிக் கிளிநொச்சிப் பக்கம் போனால் பொழுதுபட வருவேன். சில நாட்களில், வாயைத் திறந்து ஒருவரோடும் கதைக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டும்போதுதான் நினைவுக்கு வரும். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் கதைக்கு இது தேவை.

இனி அந்தப் பக்கம். நிதி தருகிறவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: நாங்கள் இவ்வளவு தருகிறோம், உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் என்ன போடுகிறீர்கள்? நாங்கள் காசு போடுவதில்லை, எங்களிடம் அது இல்லை. ஆட்களின் நேரம், ஆய்வுகூடம், வாகனம், பரிசோதனை வயல், இவைதான் எங்கள் பங்களிப்பு. எதை, எவ்வளவு, எத்தனை மாதம் என்று ஆதாரத்தோடு எழுதி ஒப்பம் வாங்க வேண்டும். விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களை எல்லாம் பெரிய ஆட்கள் எழுதுவார்கள். இந்த ஒரு பக்கம் மட்டும் என் கையெழுத்தில் பிறந்தது. அதனால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் வருடம் ஒரு விண்ணப்பத்தில் ‘ஜீப், மாதம் நான்கு நாள்’ என்று எழுதிவிட்டு, சாரதியிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மனுசன் சாவியை மேசையில் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எந்த நாலு நாள், மிஸ்?”

“ஏதோ நாலு நாள்.”

“ஏதோ எண்டு ஒரு நாள் இல்லை, மிஸ். திங்கள் பூவரசங்குளம் போறன். புதன் பிள்ளையளை வயலுக்குக் கொண்டுபோறன். ஒரு வண்டி ஒரே நாளிலை ரெண்டு இடத்திலை நிக்காது. என்னைக் கேட்டிட்டு எழுதுங்கோ.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் அன்றைக்குப் பிறகு அவருடைய ஓட்டப் புத்தகத்தைப் பார்க்காமல் வாகனத்தை நான் எழுதியதில்லை. ஜீப் விசயத்தில் மட்டும் நான் சுத்தமான ஆள் ஆகிவிட்டேன்.

நஸ்ரியா ஆய்வுகூட உதவியாளர். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் கிடந்து, பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள். பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்ததில் அவளுக்கு எல்லாமே பிந்தித்தான் கிடைத்தது, வேலையும் அப்படித்தான். வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஆய்வுகூடத்தில் வைத்துச் சாப்பிட முடியாது, சிற்றுண்டிச்சாலையில் ஒரே இரைச்சல். ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து என் வாசலில் நின்றாள்.

“மிஸ், இதிலை இருந்து சாப்பிடலாமோ?”

இருக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் வந்தாள். பன்னிரண்டரைக்கு வருவாள், ஒன்றரைக்குப் போவாள். வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி. நான் சொல்லாமலே அதைக் கவனித்து, வெள்ளியில் மீன் கொண்டுவருவதை அவளும் விட்டுவிட்டாள். அன்றைக்கு இரண்டு பெட்டியும் மேசை நடுவில் இருக்கும். அவளுடைய முருங்கையிலை வறையை நான் எடுப்பேன், என் கத்தரிக்காய்ப் பால்கறியை அவள் எடுப்பாள். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் நான் பஸ் ஏறி வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அவள் கதைத்ததெல்லாம் ஒரே விசயம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆக வேண்டும். அதற்கு ஒரு டிப்ளோமா படிக்க வேண்டும், அதற்குப் படிப்பு லீவு வேண்டும், வளாகம் விடுவிக்க வேண்டும்.

“வாற வருசம் ஆள் எடுக்கிறதுதான் எனக்குக் கடைசி, மிஸ். அதுக்குப் பிறகு வயசு விடாது.”

“கிடைக்கும், பயப்பிடாதையும்,” என்பேன். அதைச் சொல்ல எனக்கு என்ன செலவு?

அந்த வருடம் ஒரே மாதத்தில் மூன்று இடங்கள் விண்ணப்பம் கோரின. எங்கள் பேராசிரியர் மூன்றுக்கும் போட்டார். கண்டாவளைப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறுவது பற்றி ஒன்று, வயல் மண் பற்றி ஒன்று, விதை நெல் பற்றி ஒன்று. அவரைக் கெட்டவராக நினைக்காதேயுங்கள். வெளிநாட்டில் சுகமாக இருந்திருக்கக்கூடிய மனுசன், திரும்பி வந்து எங்கள் வெயிலில் கிணறு கிணறாக நின்றார். எனக்கு மூன்று பக்கம் எழுத வேண்டும், நேரம் இல்லை. முந்திய வருடம் எழுதிய நல்ல பக்கம் ஒன்று அலுமாரியில் இருந்தது. அதில் ‘ஆய்வுகூட உதவியாளர் நஸ்ரியா, நேரத்தில் நாற்பது வீதம்’ என்று இருந்தது. அதை அப்படியே மூன்றிலும் எழுதினேன்.

எனக்கு மூன்றையும் கூட்டத் தெரியாதா? தெரியும். ஆனால் நம்முடைய தொழிலில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை இருக்கிறது, நீங்களும் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். மூன்று போட்டால் ஒன்று வந்தாலே பெரிய காரியம், வராத திட்டத்துக்கு யார் நேரம் கொடுக்கப்போகிறார்கள்? துறைத் தலைவர் ஒப்பமிட்டார். பீடாதிபதி ஒப்பமிட்டார். எழுதப்பட்ட ஆள் ஒப்பமிட அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. மூன்று பக்கத்தையும் எழுதி முடித்த அன்று மத்தியானம் அவள் என் முன்னால் இருந்துதான் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

மூன்றும் வந்தன.

வளாகமே துள்ளியது. கேக் வெட்டினார்கள். எனக்கு ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி அறைக்கு அனுப்பினார்கள். நான் அதில் பாதியை நஸ்ரியாவுக்கு வைத்தேன். அன்று அவள் வரவில்லை.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருவது குறைந்தது. வாரத்தில் மூன்று நாள், பிறகு ஒரு நாள், பிறகு இல்லை. வழியில் கண்டால் “வேலை, மிஸ்” என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபித்துக்கொண்டேன். பெரிய ஆட்களின் திட்டத்தில் சேர்ந்ததும் இந்த உர அறை அவளுக்கு மணக்கிறதாக்கும் என்று மனதுக்குள் கறுவினேன். நானும் முகம் கொடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பால்கறியை முழுவதும் நானே சாப்பிட்டேன். ஐம்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த வெட்கத்தையும் எழுதத்தான் வேண்டும். தனிமை ஆளைச் சின்னப் புத்திக்காரியாக்கும்.

இப்படி ஒரு வருடம் போனது. பிறகு ஒருநாள் காலை பத்து மணிக்கு, பெட்டி இல்லாமல், கையில் ஒரு கடிதத்தோடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மிஸ், இதை ஒருக்கால் பாருங்கோ.”

அவளுடைய படிப்பு லீவு விண்ணப்பத்துக்கு வந்த பதில். மூன்று ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்பாக ஒதுக்கப்பட்டிருப்பதால் விடுவிக்க இயலாது என்று இருந்தது. ஆதாரமாக மூன்று பக்கங்களின் பிரதிகளை இணைத்திருந்தார்கள். மூன்றின் அடியிலும் என் சுருக்கொப்பம்.

“இது ஆர் எழுதினது, மிஸ்?”

“நான்தான்.”

“நாப்பது. நாப்பது. நாப்பது.” ஒவ்வொரு தாளையும் விரலால் தொட்டாள். “என்னட்டை நூறுதானே இருக்கு. மிச்சம் இருபதும் எங்கையிருந்து வந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

நான் என் சுருக்கொப்பத்தைக் கையால் மறைத்தேன்.

“உங்களோடை இருந்து சாப்பிடுற நேரத்திலையிருந்து வந்தது. சனிக்கிழமை உம்மாவைப் பார்க்கப் போற நேரத்திலையிருந்து வந்தது.”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

“நீர் ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?”

“நீங்கள் எழுதினதெண்டு தெரியாது, மிஸ். மேலை ஆரோ எழுதியிருக்கினம், மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா மனவருத்தப்படுவா எண்டு நினைச்சன்.”

அவள் போனபிறகு நான் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர் முடிந்த காலத்தில் நான் செட்டிகுளம் முகாமில் இருந்தவள். அங்கே எங்களைக் கேளாமல் எங்கள் பெயர்கள் பட்டியல் பட்டியலாக எழுதப்பட்டன. எந்தப் பட்டியலில் இருக்கிறோம், அது எதற்கு என்று தெரியாமல் வரிசையில் நின்ற அந்தக் கால் நோவு எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் இதைச் செய்தேன். ஒரு ஜீப் இரண்டு இடத்தில் நிற்காது என்று ஒருவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். ஆளும் அப்படித்தான் என்று விளங்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும் முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமை இருந்தது. விடுவிப்புக் கடிதம் இல்லாமல் ஏற்கமாட்டார்கள். நான் பேராசிரியரிடம் போனேன்.

“சேர், இது என்ரை பிழை. மூண்டு இடத்துக்கும் எழுதித் திருத்துவம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எழுதினா என்ன நடக்கும், மிஸ்? பங்களிப்பு பொய்யெண்டு மூண்டையும் நிப்பாட்டுவாங்கள். கிணத்து வேலை பாதியிலை நிக்கும். அந்தச் சனத்துக்கு என்ன சொல்லுறது? எல்லா இடத்திலையும் இப்பிடித்தான் எழுதுகினம். அந்தப் பிள்ளையை அடுத்த வருசம் விடுவம்.”

“அடுத்த வருசம் வயசு விடாது, சேர்.”

“அப்ப நான் என்ன செய்ய?” என்றார். உண்மையாகவே கேட்டார்.

அது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் இருந்தேன். கேட்க ஒரு ஆள் இல்லை. கடைசியில் தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“அக்கா, ஓய்வுக்கு ரெண்டு மூண்டு வருசம் இருக்கேக்கை உனக்கு ஏன் இந்த வேலை? பேசாமல் இரு,” என்றான். அன்போடுதான் சொன்னான். போனை வைத்தபிறகு வீடு முன்னையைவிட அமைதியாகிவிட்டது.

நீங்கள் நினைப்பது போல நீதி நியாயம் ஒன்றும் என்னை எழுப்பவில்லை. மிஸ்ஸுக்குத் தெரிந்தால் மனவருத்தப்படுவா என்று ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அதுதான் என்னைத் தின்றது. அந்த வருடம் முழுக்க நான் அவளைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்காக ஒரு ஆள் அவ்வளவு யோசித்து எவ்வளவு காலமாகியிருந்தது!

திங்கட்கிழமை காலை புதிதாக மூன்று பக்கம் எடுத்தேன். இம்முறை ஒரு கோடு கூடுதலாகப் போட்டு, ‘கேட்ட நாள், அவர் சொன்னது’ என்று ஒரு நிரல் வரைந்தேன். பிறகு ஆள் ஆளாகப் போய்க் கேட்டேன். இரண்டு நாள் நடந்தேன். ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் ஒரு செயல்முறை விளக்குநர் பதினைந்து வீதம் தர ஒத்துக்கொண்டார். இன்னொருவர் முடியாது என்றார், முடியாது என்றே எழுதினேன். எடுக்கும் தண்ணீர், மண் மாதிரிகளைக் குறைத்தால் கிணற்று வேலையும் மண் வேலையும் தாங்கும் என்று ஆய்வுகூடத்தாரோடு கணக்குப் பார்த்துக் கண்டேன். போத்தல்களுக்குப் பெயர் ஒட்டவும் பதிவேடு எழுதவும் ஆள் இல்லை. அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். என் சனிக்கிழமைகளில் எனக்கு என்ன இருந்தது? இத்தனை வருடத்தில் ஒரு பங்களிப்புப் பக்கத்தில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

விதை நெல் திட்டத்துக்கு மட்டும் எங்கே தேடியும் ஆள் இல்லை. அந்தப் பக்கத்தில் ‘தற்போது வழங்க இயலாது’ என்று எழுதினேன். மூன்றுக்கும் ஒரே கடிதம் வைத்தேன்: ஒருவரின் நேரம் மூன்று தடவை எழுதப்பட்டது, எழுதியவள் நான், அவரைக் கேட்கவில்லை.

பீடாதிபதி வாசித்துவிட்டு, “உங்களுக்கு என்ன விசரோ?” என்றார்.

“இருக்கலாம், சேர். ஆனால் ஆதாரம் கேட்டு ஆக்கள் நேரிலை வந்து பார்த்தா, உங்கடை ஒப்பமும் அதிலை இருக்கு.”

கடிதத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். பிறகு பேனையைத் தேடினார். விடுவிப்புக் கடிதத்தையும் அடியில் வைத்திருந்தேன். அதிலும் ஒப்பமிட்டார். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்க நஸ்ரியாவின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

கிணற்றுக்கும் மண்ணுக்கும் தருகிறவர்கள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். விதை நெல்லுக்குத் தருகிறவர்கள் திட்டத்தை நிறுத்தினார்கள். அதில் இருந்த ஒரு ஆராய்ச்சி உதவியாளருக்கு வேலை போனது. கலியாணம் பேசி வைத்திருந்த பிள்ளை அவர். என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் போவார். அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. பேராசிரியர் அதன் பிறகு என் அறைக்கு வரவே இல்லை, தாள்களை ஆள் மூலம் அனுப்புவார். மற்றவர்களும் மெல்ல மெல்ல விலகினார்கள். இவளிடம் போனால் ஊரெல்லாம் கேட்டுத்தான் எழுதுவாள், திகதி தவறிவிடும் என்று பேசிக்கொண்டார்களாம். ஒருமுறை உண்மையாகவே திகதி தவறியும் போனது.

ஆகவே, சரியானதைச் செய்யுங்கள், எல்லாம் நன்றாக முடியும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்றில் ஒன்றுதான் வரும் என்று நினைத்து ஒருவரையும் எழுதாதேயுங்கள். மூன்றும் வந்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும் ஒரு கோடு கூட்டிப் போட்டு, ஆளிடம் போய், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். முடியாது என்று அவர் சொல்லக்கூடிய நேரத்தில் கேளுங்கள். எழுதி அனுப்பிவிட்டுக் கேட்பது கேட்பதல்ல.

நஸ்ரியாவுக்கு இடம் கிடைத்தது. போவதற்கு முன்னான கடைசி வேலைநாள் ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு வாசலில் நிழல் தட்டியது. கையில் பெட்டி. ஒன்றும் கேட்காமல் வந்து எதிர்க் கதிரையில் இருந்தாள். இரண்டு பெட்டியையும் நடுவில் வைத்தோம். மீன் இல்லை. அந்த வருடத்தைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அவளும் கதைக்கவில்லை. உம்மாவின் முழங்கால் நோவைப் பற்றிச் சொன்னாள். நான் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன்.

ஒன்றரையானதும் எனக்குப் பழக்கம் விடவில்லை.

“நேரமாகுது, நஸ்ரியா. உம்மைத் தேடப்போகினம்.”

“தேடட்டும், மிஸ். காலமையோடை என்னை விட்டாச்சு. இப்ப நான் ஒருத்தற்றை படிவத்திலையும் இல்லை.” பால்கறியை என் பக்கம் தள்ளினாள். “நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ.”

மூன்று மணிவரை இருந்தாள்.

திங்கட்கிழமை நான் அந்தக் கதிரையைச் சுவரோடு தள்ளி வைத்தேன். மத்தியானம் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஏலாமல் திரும்ப இழுத்துப் போட்டேன். ஓய்வுபெறும் நாள்வரை அது அந்த இடத்திலேயே வெறுமையாக இருந்தது. இப்போது அந்த அறையில் உங்களில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இடம் போதாது என்று அந்தக் கதிரையை எடுத்துவிட வேண்டாம்.